விட்டு விட்டு ஓடிய படகு

அத்தியாயம் 14

இரண்டு நாளாக இரண்டு ஊர் ஒரு பதிலுக்காகக் காத்திருக்கிறது. அந்தப் பதில் வாசனாவின் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. வெளியே வரத்தான் மாட்டேன் என்கிறது.

போன வாரம் யாராவது படகுப் போட்டியைத் தவற விட்டிருந்தால் அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இறுதிப் பந்தயத்தில் தோன்கேவ் கோயிலின் பச்சை நாகப் படகும் பாங்சாய் கோயிலின் சிவப்பு நாகப் படகும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி கோட்டைத் தாண்டின. எது முந்தியது என்று கரையில் நின்ற ஆயிரம் பேரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். கமிட்டியின் கேமரா மழை ஈரத்தில் கண்ணாடி மங்கிப்போய், வெறும் வெள்ளைப் புகையைப் படம் பிடித்து வைத்திருந்தது.

மிச்சம் இருந்த ஒரே சாட்சி, கோட்டுக்கு மேலே பறந்துகொண்டிருந்த வாசனாவின் புது டிரோன். கல்யாணம், துறவு ஏற்பு, வீடு குடிபோவது என்று இரண்டு கரையிலும் வீடியோ எடுப்பவள் அவள். பிறந்தது கிழக்குக் கரையில் தோன்கேவ், வாழ்க்கைப்பட்டது மேற்குக் கரையில் பாங்சாய். இரண்டு கரைச் சோறும் தின்றவள் ஒரு பக்கமாகச் சாய மாட்டாள் என்று இரண்டு கோயில் தலைமைப் பிக்குகளும் ஒப்புக்கொண்டார்கள். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பாங்சாய் கோயில் மண்டபத்தில் வீடியோவை ஓட்டிக் காட்ட வேண்டும். டிரோன் எடுத்த அசல்தான் வேண்டும், வேறு மாதிரி மாற்றிக் கொண்டுவந்தால் வெட்டி ஒட்டியது என்று பேச்சு வரும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

இன்று சனிக்கிழமை.

ஆற்று மூடுபனி இன்னும் கலையவில்லை. ஜன்னலுக்கு வெளியே வாழை மரங்கள் பாதி இருந்தன, பாதி இல்லை. வாசனா கண்ணைக் கசக்கிக்கொண்டு இருபதாவது முறையாக வீடியோவை ஓடவிட்டாள்.

இரண்டு நாகங்களும் திரைக்குள் வந்தன. நின்றன. மறுபடி ஒரு கை தூரம் குதித்தன. நின்றன. நூறு துடுப்புகள் ஆகாயத்தில் அப்படியே மாட்டிக்கொண்டன. தெறித்த தண்ணீர் கீழே விழ மறந்து நின்றது. அடுத்து கண்ணை மூடித் திறப்பதற்குள் இரண்டு படகும் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருந்தன. எந்த நொடி வேண்டுமோ அந்த நொடியை மட்டும் கம்ப்யூட்டர் விழுங்கிவிட்டது. நிறுத்தி ஒவ்வொரு படமாக நகர்த்தினால் மூச்சுத் திணறி அடியோடு உறைந்துவிடும்.

ஊருக்கு இது கோப்பை விவகாரம். வாசனாவுக்கு அப்படி இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், புத்தாண்டுச் சாப்பாட்டில், அவளுடைய அப்பா உதோம் மருமகனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். "நீ துடுப்புப் போடல மாப்ள, கஞ்சி கிண்டுற." அப்பா இருபத்தெட்டு வருஷமாகப் பச்சை நாகத்துக்குச் சுக்கான் பிடிக்கிறவர். அந்த வாய்க்கு அந்தக் கரையில் எல்லோரும் பழகியிருந்தார்கள். மருமகன் அனுச்சா பழகவில்லை. கையில் உருட்டியிருந்த ஒட்டரிசிச் சோற்றை அப்படியே கூடையில் போட்டுவிட்டு எழுந்தான். அந்த வீட்டு முற்றத்துச் சாமி மாடத்துக்கு முன்னாலேயே கையைக் கூப்பிக்கொண்டு, "எங்க படகு உங்க படகை ஜெயிக்கிற வரைக்கும் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்" என்றான்.

அதற்கப்புறம் பிறந்தவள் நாம்வான். இப்போது இரண்டரை வயது. தாத்தா பேத்தியைப் பார்ப்பது புதன்கிழமைச் சந்தையில், கத்திரிக்காய்க் கடைக்கும் மீன் கடைக்கும் நடுவே. பத்து நிமிஷம் தூக்கி வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்.

சிவப்பு நாகம் ஜெயித்திருந்தால் சபதம் முடிந்தது. நாளைக் காலையிலேயே பாலத்தைத் தாண்டிப் போகலாம். சாயாமல் இருக்க ஒப்புக்கொண்டவள்தான், ஆனால் மனசு பூராவும் சிவப்புப் பக்கமே சாய்ந்துகிடந்தது.

"இன்னும் ஓடலையா?" அனுச்சா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"நொண்டுது."

"விட்டுத் தொலையேன். ரெண்டும் சமம்னு சொல்லிட்டா யாருக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

வாசனா திரும்பிப் பார்த்தாள். போட்டிக்கு முன்னால் நாற்பது நாள் விடியற்காலையில் ஆற்றில் கிடந்த ஆள். உள்ளங்கை பூரா கொப்புளம். அவனா இதைச் சொல்வது?

"உங்களுக்குக் காய்ச்சலா?"

"பாவம், நீ தூங்கலையேன்னு சொன்னேன்" என்று முனகிக்கொண்டே அவன் குழந்தைக்கு முகம் கழுவிவிடப் போய்விட்டான்.

எட்டு மணிக்கு வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. தம்பி கிட்டி. பச்சை நாகத்தில் கடைசி இருக்கை அவனுடையது. அப்பாவின் காலடியில் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறவன். வாழையிலையில் சுற்றிய மசாலா இறைச்சிச் சுருளை நீட்டினான்.

"அம்மா குடுத்தனுப்பிச்சா. சரியாச்சாக்கா?"

"இல்லடா."

"ஆகலேன்னா விட்டுடேன். மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு. உன்னை யாரு கேக்கப் போறா?"

"என்னடா ஆளாளுக்கு இதையே சொல்றீங்க? தோத்துடுவோம்னு பயமா?"

அவன் சிரிக்கவில்லை. அக்காளைச் சீண்டாமல் அவன் இந்த வாசலை விட்டுப் போனதே கிடையாது. இன்றைக்கு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஆம்பளைகளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று வாசனா முடிவு கட்டினாள். சுருளைக் கடித்துக்கொண்டே சியாங்மாய்க்குப் போன் போட்டாள். அங்கே பிம் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இப்போது கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். வாய் மட்டும் அந்த பெஞ்சில் இருந்தபடியே இருக்கிறது.

"உசிரோட இருக்கியாடீ? சொல்லு, என்ன எரிஞ்சுபோச்சு?"

வாசனா சொன்னாள். பிம் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் அப்படிக் கேட்பதே அபூர்வம்.

"சரி. வீடியோவை ஓடவிட்டுட்டு டாஸ்க் மேனேஜரைத் திற. புராசஸர் எவ்வளவு காட்டுது?"

"நூறு."

"கிராஃபிக்ஸ் கார்டு?"

"ஒண்ணு. இப்ப சைபர்."

"ஆங், அதான் விஷயம். உன் டிரோன் படத்தையெல்லாம் இறுக்கி மடிச்சு வெச்சிருக்கு. ஓடும்போது ஒரு செகண்டுக்கு அறுபது படத்தைப் பிரிச்சு விரிக்கணும். அந்த வேலைக்குன்னே கார்டுக்குள்ள தனியா ஒரு ஆள் இருக்கான். அவன் குறட்டை விடறான். புராசஸர் ஒத்தையா விரிச்சு விரிச்சுச் சாகுது. விருந்து வீட்ல சமையல்காரனைக் கூப்பிட்டு உக்கார வெச்சுட்டு, மருமகளையே அம்பது பேருக்கு அரைக்கச் சொன்னா எப்படி?"

"எனக்குத் தெரியும் அந்த மருமகளை."

"தெரியாம என்ன. பிளேயர் செட்டிங்ல ஹார்டுவேர் டீகோடிங்னு ஒண்ணு இருக்கும். ஆன்ல இருக்கா?"

வாசனா தேடினாள். அணைந்திருந்தது. அணைத்ததும் அவள்தான். போன வருஷம் ஒரு கல்யாண வீடியோவில் மணப்பெண் முகத்தில் பச்சைப் பச்சையாகக் கறை வந்தது. இதை அணைத்ததும் போய்விட்டது.

"கறை வந்தா டிரைவரைப் புதுசாக்கணும்டீ. கண்ணு கூசுதுன்னு கண்ணையே கட்டிக்கிட்டு நடப்பியா?"

புது டிரைவரை இறக்கினாள். அணைத்துப் போட்டாள். செட்டிங்கைத் திருப்பினாள். சாமி கும்பிட்டுவிட்டு வீடியோவைத் தட்டினாள்.

நாகங்கள் வந்தன. நின்றன. குதித்தன.

"கார்டு?"

"சைபர்தான்."

பிம் அடுத்த கேள்விக்குப் போனாள். "மானிட்டர் கேபிள் பின்னாடி எங்க சொருகியிருக்கு? மேலயா, கீழயா? மேல நிக்கற வரிசை பழசு, அதுல சொருகினா படம் புராசஸர் வழியாத்தான் வரும். உன் பழைய புராசஸருக்கு இந்த டிரோன் மடிக்கிற மாதிரியே புரியாது. கீழ படுத்திருக்கறதுதான் புதுக் கார்டோட வாய்."

வாசனா மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய் டார்ச் அடித்தாள்.

கேபிள் மேலே இருந்தது. கீழே, கார்டின் வாய்க்குக் குறுக்கே, வெள்ளை நூல் போய்க்கொண்டிருந்தது. ஏழு சுற்று.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ஏப்ரலில் கார்டு வாங்கி மாட்டிய அன்று, புது வண்டிக்குச் செய்கிற மாதிரியே இதற்கும் செய்ய வேண்டும் என்று அனுச்சா கம்ப்யூட்டரைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனான். பெரிய பிக்கு ஓதி, முன்பக்கம் மூன்று சந்தனப் பொட்டு வைத்து, பெட்டியைச் சுற்றி மந்திர நூல் கட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து கேபிள் மாட்டியது அனுச்சா. நூலைத் தொடப் பயந்து, நூல் படாத ஓட்டையில் சொருகியிருக்கிறான். மேலே சொருகினாலும் படம் வந்தது. அப்புறம் யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்? பழைய கேமராவின் சின்ன வீடியோக்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"பிம், கீழ நூல் கட்டியிருக்கு. பிக்கு கட்டினது."

சியாங்மாயில் ஒரு நாற்காலி பின்னால் சாய்கிற சத்தம் கேட்டது. அப்புறம் சிரிப்பு. "ஆறு மாசமா கார்டுக்கு ஆசீர்வாதம் போயிருக்கு, கேபிள் போகலையா! கடை ஆரம்பிச்சதுல இருந்து இப்படி ஒரு கேஸ் வந்ததில்லடீ. சரி, அறுத்துடு."

"வாயைக் கழுவு."

வாசனா அடுப்படிக்குப் போய்க் கறி சுடுகிற மூங்கில் குச்சி ஒன்றை எடுத்து வந்தாள். பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு மூன்று முறை கும்பிட்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க, அறுக்கல, கொஞ்சம் நகத்திக்கறேன்" என்று யாரிடமோ சொன்னாள். குச்சி நுனியால் ஒவ்வொரு சுற்றாக மேலே தள்ளினாள். ஏழாவது சுற்று நகர்ந்ததும் கார்டின் வாய் திறந்தது. கேபிளைப் பிடுங்கி அங்கே சொருகினாள்.

வீடியோவைத் தட்டினாள்.

அதற்கப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது? ஓடியது. அவ்வளவுதான். ஆனால் இரண்டு நாள் நொண்டலைப் பார்த்த கண்ணுக்கு அது வேறு ஏதோ உலகமாக இருந்தது. மேலே இருந்து பார்க்க, ஆறு ஒரு பெரிய பழுப்புப் பட்டுத் துணியாக வழுக்கிக்கொண்டு வந்தது. அதன்மேல் இரண்டு நாகங்கள் நீந்தின. ஐம்பது துடுப்புகள் ஒன்றாக இறங்கின, ஒன்றாக ஏறின. படகே மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. தண்ணீர் தெறித்து, விரிந்து, வெயில் பட்ட ஒரு நொடி மின்னி, அவசரமே இல்லாமல் ஆற்றுக்குத் திரும்பியது. வாசனா யார் ஜெயித்தார்கள் என்று பார்க்கவே மறந்துபோனாள். மூன்று முறை சும்மா பார்த்தாள். ஜன்னலில் பனி கலைந்து வெயில் வந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. போனில் பிம் "ஏய், இருக்கியா, ஏய்" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள்.

நான்காவது முறைதான் நிறுத்தினாள். இப்போது கம்ப்யூட்டர் சொன்ன பேச்சைக் கேட்டது. ஒரு தட்டு, ஒரு படம். ஒரு தட்டு, ஒரு படம். படகு முகப்பில் செதுக்கிய பச்சை நாகத்தின் கீழ்ப்பல் கோட்டைத் தொட்டது. சிவப்பு நாகத்தின் பல் இன்னும் தொடவில்லை. ஒரு சாண் இடைவெளி.

சிவப்பு தோற்றுவிட்டது.

இன்னும் ஒரு வருஷம் சந்தைக் கத்திரிக்காய்க் கடை. அடுத்த வருஷமும் தோற்றால்? அப்பாவுக்கு அறுபத்தொன்று ஆகிவிட்டது.

ஆனால் எங்கேயோ இடித்தது. கோட்டுக்கு முப்பது முழம் முன்னால் சிவப்புதானே முந்திக்கொண்டிருந்தது? திரும்பப் பின்னால் போனாள். ஒரு தட்டு, ஒரு படம். சிவப்புப் படகில் துடுப்புகள் இறங்குகின்றன. ஒன்று மட்டும் இறங்கவில்லை. அடுத்த வீச்சிலும் அது மேலேயே நின்றது. அதற்கடுத்ததிலும்.

பின்னாலிருந்து மூன்றாவது இருக்கை. தலையில் நீலக் கட்டம் போட்ட துணி. அந்தத் துணியை வாங்கிக் கொடுத்ததே அவள்தான்.

அவன் முகம் முன்னால் பார்க்கவில்லை. வலப்பக்கம் திரும்பியிருந்தது. வாயைத் திறந்து எதையோ கத்துகிற முகம். அவன் பார்த்த திசையில் வாசனாவும் போனாள். பச்சை நாகத்தின் வால். அங்கே எப்போதும் நேராக நிற்கிற அப்பா அப்போது நேராக நிற்கவில்லை. இடது கை சுக்கானை விட்டுவிட்டுத் துணி மாதிரி தொங்கியது. உடம்பு ஆற்றுப் பக்கம் சாய்ந்து, ஒரு கால் பலகையை விட்டே எழும்பியிருந்தது. அவர் காலடியில் கிட்டி, திரும்பிக்கூடப் பார்க்காமல், தோளால் அவர் முழங்காலை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

நூற்றிருபது படம். இரண்டு நொடி. பிறகு அப்பா நிமிர்ந்துவிட்டார். கரையில் இருந்த ஆயிரம் கண்ணும் நாகங்களின் மூக்கில் இருந்தபோது, இது நடந்து முடிந்துவிட்டது.

பின்னால் பலகை கிறீச்சிட்டது. அனுச்சா எவ்வளவு நேரமாக நிற்கிறானோ தெரியாது.

"சரியாயிடுச்சு போல" என்றான்.

"இது நீங்கதானே?"

"துணி நம்மளது மாதிரிதான் இருக்கு."

"விளையாடாதீங்க."

அவன் தரையில் உட்கார்ந்தான். கொப்புளம் உரிந்த கையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "வேணும்னு நிறுத்தல. பெரியவர் விழறார்னு தெரிஞ்சுது. அந்த இடத்துல தண்ணி சுழிக்கும், உனக்கே தெரியும். குதிக்கலாமான்னு நினைச்சேன். நினைச்சு முடிக்கறதுக்குள்ள கோடு வந்துடுச்சு. மூணு வீச்சு விட்டுட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? அம்பது பேரு நாப்பது நாள் உழைச்சான், நான் வேடிக்கை பார்த்தேன்னா?" குரல் உடைந்தது. கனைத்துச் சரி செய்துகொண்டான். "வாசனா, கேபிளை மறுபடி மேலயே சொருகிடு. ஓடலேன்னு சொல்லு. சமம்னு விட்டுடுவாங்க."

"உங்க ஊர்க்காரங்க திட்டுவாங்கன்னு பயமா?"

"அதுவும்தான். அதைவிட உங்கப்பா. நான் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன்னு அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டார். அதுக்கு நான் கஞ்சி கிண்டறவனாவே இருந்துட்டுப் போறேன்."

வாசனாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முகத்தைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரை அணைத்தாள்.

மூன்றரை மணிக்குக் கம்ப்யூட்டர் பெட்டியை மோட்டார் சைக்கிளின் பக்கத் தட்டில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். மண்டபத்தில் ஒரு பக்கம் பாங்சாய், மறு பக்கம் தோன்கேவ். நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவு இடம் விட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் இரண்டு தலைமைப் பிக்குகள். முன்னால் பெரிய டிவி. தோன்கேவ் பக்கத்து முதல் வரிசையில் அப்பா, இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு. அவருக்கு அடுத்து கிட்டி.

வாசனா டிவிக்குப் பின்னால் மண்டியிட்டாள். டிவி கேபிளின் நுனி அவள் கையில் இருந்தது. கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகில் மேலே ஒரு ஓட்டை, கீழே ஒரு ஓட்டை. மேலே சொருகினால் படகு நொண்டும், எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள், கணவன் தலை தப்பும். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. மெஷின் ஓடவில்லை, அவ்வளவுதானே?

நுனியை மேலே கொண்டுபோனாள். அப்போது அந்த முகம் கண்ணுக்குள் வந்தது. ஜெயிக்கப்போகிற நொடியில் ஜெயிப்பதை மறந்துவிட்டு, பேசாத மாமனாருக்காக வாயைத் திறந்து கத்துகிற முகம். ஐந்து வருஷம் கூட வாழ்ந்தும் அவள் பார்க்காத முகம் அது. அதை மறைத்து வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

கீழே சொருகினாள்.

நாகங்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. கிழவர்கள்கூட விசிறியை நிறுத்திவிட்டார்கள். கோட்டில் அவள் நிறுத்தியபோது பச்சைப் பல் தொட்டிருந்தது, சிவப்புப் பல் தொடவில்லை. தோன்கேவ் பக்கம் கூரை பிய்த்துக்கொண்டு போகிற சத்தம்.

"இரு, இரு!" பாங்சாய் ஊர்த்தலைவர் சவாத் எழுந்தார். "நாமதானே முன்னாடி இருந்தோம்? கொஞ்சம் பின்னாடி போம்மா. மெதுவா ஓட்டு."

அவள் மெதுவாக ஓட்டினாள். சவாத்துக்குக் கழுகுக் கண்.

"அந்தத் துடுப்பு யாருது? மேலயே நிக்குதே, அது யாருது?"

யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அனுச்சா தானாக எழுந்து நின்றான்.

"என்னுது. என் தப்புதான்."

"ஏன்டா?"

அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"மாமனார் வீட்டு விருந்து ஞாபகம் வந்துடுச்சோ?" என்றது ஒரு குரல். "பொண்டாட்டி ஊருக்குப் படகை வித்துட்டான்" என்றது இன்னொன்று. கூட நாற்பது நாள் துடுப்புப் போட்டவர்கள் அவனைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். அதுதான் அவனுக்கு மோசமாக வலித்திருக்கும். பின் வரிசையில் நாம்வான் அப்பாவைக் கூப்பிட்டு அழ ஆரம்பித்தாள். வாசனா தன் கையைப் பார்த்தாள். நான்தானே கீழே சொருகினேன்?

"வாசனா." அப்பாவின் குரல். "அவன் எங்கயோ பாக்கறானே. எங்க பாக்கறான்? அந்தப் பக்கம் காட்டு."

"அப்பா, வேணாம்" என்று கிட்டி அவர் சட்டையைப் பிடித்தான்.

"காட்டுங்கறேன்."

அவள் படத்தைப் பெரிதாக்கி வலப்பக்கம் நகர்த்தினாள். தொங்கும் கை. எழும்பிய கால். டிவி முழுக்க அப்பா விழுந்துகொண்டிருந்தார்.

உதோம் எழுந்தார். அவருக்கும் தெரியும், மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். சுக்கான் பிடிக்கிறவன் கை ஒருமுறை விட்டுப்போனால், படகுக்குக் காவலாக இருக்கும் படகுத் தாய் அவனை இறக்கிவிட்டாள் என்று அர்த்தம். அப்புறம் அவன் சுக்கானைத் தொடக் கூடாது. வாயைத் திறந்தால் இருபத்தெட்டு வருஷம் அந்த நிமிஷத்தோடு முடிந்தது. கால் வழுக்கியது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

"என் கை விட்டுடுச்சு" என்றார். "வழுக்கல. கைதான் விட்டுடுச்சு. கொஞ்சம் மரத்துப்போச்சு, அன்னிக்கு ஒரு தடவைதான், இப்ப சரியாயிடுச்சு."

கிட்டி தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆயிரம் பேரு கரையில நின்னீங்க. என் படகுலயே அம்பது பேரு. ஒருத்தன் பார்த்தான். அவன் எங்க ஊர்க்காரன்கூட இல்ல." சவாத்தைப் பார்த்தார். "உங்க ஆளு படகை விக்கல. நீங்க அவனைத் திட்டணும்னா முதல்ல என்னைத் திட்டுங்க. ஆனா ஒண்ணு, கோப்பை எங்களுதுதான். பல்லு தொட்டது தொட்டதுதான்."

யாரோ சிரித்துவிட்டார்கள். பெரிய பிக்குவே விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டார். பாங்சாய்க்காரன் ஒருவன் எழுந்து வந்து, அனுச்சாவின் தோளைப் பிடித்து உட்கார வைத்தான்.

கூட்டம் கலைந்தபோது அப்பா மண்டப வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அனுச்சா நாம்வானைத் தூக்கிக்கொண்டு தள்ளி நின்றான். தோற்ற படகின் ஆள். சபதம் அப்படியே இருந்தது.

"மாப்ள."

மூன்று வருஷத்தில் முதல் தடவை.

"எங்க வீட்டுப் படி ஏற மாட்டேன்னு நீதான் சொன்னே. உன் வீட்டுப் படி ஏற மாட்டேன்னு நான் எப்பவாவது சொன்னேனா?"

அனுச்சா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினான். மனைவியைப் பார்த்து எரிந்து விழுந்தான். "சும்மா நின்னுட்டு இருக்கியே, போய்ப் பாயை விரி!"

வாசனா ஓடினாள். கோயிலுக்கும் வீட்டுக்கும் நடுவே இருநூறு அடிதான். பாயை விரித்தாள், தண்ணீர்ச் செம்பை வைத்தாள், சிதறிக்கிடந்த பொம்மைகளைக் காலால் ஒதுக்கினாள். முகம் முழுக்கக் கண்ணீராக வாசலுக்கு வந்து நின்றாள். நாம்வான் முன்னால் ஓடிவந்து, "தாத்தா, சந்தை இங்க இல்ல" என்று அவருக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பா படிக்குக் கீழே செருப்பைக் கழற்றினார். ஏழு படி. சிரித்துக்கொண்டேதான் ஏறினார். இடது கை சட்டைப் பைக்குள்ளேயே இருக்க, வலது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். கைப்பிடி இருந்தது இடப்பக்கம்.